ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு, பிறகு ஏன் எலும்பில் ஊசி?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் இரத்தப் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை சந்தோஷமாக, இரண்டாம் தடவை கையில் பேனையோடு. கட்டுரையில் பெரிய குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கடைசிப் பந்தியில் ஒரு வரி இருந்தது. இரத்தப் பரிசோதனை வழமைக்குத் திரும்பியதும் நோயாளி குணமாகி வீடு போகிறார் என்ற கருத்தில் எழுதப்பட்ட வரி. அதற்காகத்தான் இந்தக் கடிதம். அதே கதையை 1996இல் நான் என் வாயால் சொல்லியிருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். உவர்மலையில் வசிக்கிறேன். 31 வருடம் அரசாங்க ஆய்வுகூடங்களில் இருந்தேன். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, காயவிட்டு, லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவி, எண்ணெய் வில்லையை இறக்கிப் பார்ப்பதுதான் தொழில். கரண்ட் இல்லாத நாட்களில் நுணுக்குக்காட்டியை யன்னலோரம் தூக்கி வைத்து, அடியிலிருக்கும் சின்னக் கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்திருக்கிறோம். அந்தக் காலத்தில் திருகோணமலையில் எங்களுக்கு முக்கால்வாசி வேலை மலேரியாதான். 2016இல் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது, இத்தனை வருடம் தேடிய கிருமியை இனி யாரும் தேட மாட்டார்களே என்று ஒரு மாதிரியாகக்கூட இருந்தது.

தம்பியின் மகனுடைய தகட்டையும் மலேரியாவுக்காகத்தான் பார்த்தேன். அவனுக்கு ஆறு வயது. மூன்று கிழமையாக விட்டுவிட்டுக் காய்ச்சல். இரவில் கால் நோவுது என்று அழுவான். வளருகிற பிள்ளைக்கு வரும் நோவு என்று நல்லெண்ணெய் தடவினோம். பிறகு பல் தீட்டும்போது முரசில் இரத்தம். தகட்டில் மலேரியாக் கிருமி இல்லை. கரு பெரிதாக, ஓரத்தில் மெல்லிய நீலம் மட்டும் தெரிய, முதிராத வெண்குழியங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. பிளாஸ்ட் என்று சொல்வோம். இரத்தப் புற்றின் அடையாளம். நான் எழும்பி வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்து திரும்பவும் பார்த்தேன். அதே தகடுதான், அதே கலங்கள்தான்.

கொழும்புக்குக் கொண்டுபோனோம். ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்து மருந்து கொடுத்தார்கள். மாதாமாதம் வர வேண்டும், குளிசையை ஒருநாளும் விடக் கூடாது, இது இரண்டு மூன்று வருட வேலை என்று அங்கே சொல்லித்தான் அனுப்பினார்கள். ஊருக்கு வந்ததும் தம்பி பிள்ளையை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தான். ஒரு துளி எடுத்து, நூறு கலங்கள் எண்ணி, பிறகு மனம் கேட்காமல் இன்னொரு நூறும் எண்ணினேன். ஒரு பிளாஸ்ட்கூட இல்லை. "தம்பி, இரத்தம் சுத்தமாக இருக்கடா" என்றேன்.

நான் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அவன் கேட்டது வேறு, பிள்ளைக்குச் சுகம் என்றுதான் கேட்டான். கொழும்புக்கு ஒரு பயணம் என்றால் அன்றைக்கு எத்தனை சோதனைச் சாவடி, எத்தனை இடத்தில் இறங்கி ஏற வேண்டும், எங்கே தங்குவது, எத்தனை நாள் சம்பளம் போகும் என்பதெல்லாம் இந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த மாதம் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. "அக்காதான் பார்த்துச் சொன்னாவே" என்று தம்பி இருந்துவிட்டான். எட்டு மாதத்தில் நோய் திரும்பி வந்தது. 1997 ஆவணியில் பிள்ளை போய்விட்டான்.

இதை இப்போது எழுதக் காரணம் உங்கள் கட்டுரை மட்டுமில்லை. போன மாதம் கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் பேசினார். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய மகளுக்கு ஒன்பது வயது, அதே நோய், முதல் மாதச் சிகிச்சை முடியப் போகிறது. "மிஸ், புள்ளைட ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு. பொறகு ஏன் திரும்பவும் எலும்புல ஊசி போடணும் எண்டு சொல்றாங்க?" என்று கேட்டார். அன்றைக்கு என் தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் என்னிடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வியும்தான். அந்தத் தாய்க்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

இரத்தம் ஓடுகிற இடம் வேறு, பிறக்கிற இடம் வேறு. எலும்புக்குள் இருக்கும் மச்சையில்தான் அது உண்டாகிறது என்று 1868இல் எர்ன்ஸ்ட் நொய்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டு சொன்னார். ஒரு செங்குழியம் 120 நாள் வரைதான் இருக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 கோடி செங்குழியங்களை மச்சை புதிதாகச் செய்தாக வேண்டும். நாங்கள் விரலில் குத்தி எடுப்பது அந்தத் தொழிற்சாலையின் வாசலில் வந்து நிற்கும் சரக்கு. வாசலைப் பார்த்து உள்ளே நடப்பதை ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

எல்லா இரத்தக் கலங்களுக்கும் தாயாக மச்சையில் கொஞ்சம் மூலக் கலங்கள் இருக்கின்றன. ஸ்டெம் செல் என்று பத்திரிகைகளில் வருவது இதுதான். இவை மச்சைக்குள் கண்டபடி மிதந்து திரிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் இருக்க வேண்டும், அந்த இடம்தான் அதைக் கலைய விடாமல் வைத்திருக்கிறது என்று 1978இல் ரே ஸ்கோஃபீல்ட் எழுதினார். அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லுக்கு நம் பழைய வீட்டுச் சுவரில் விளக்கு வைக்கிற மாடம் என்று பொருள். நல்ல சொல். காற்றில் அணையாமல் விளக்கை வைக்கிற குழிதானே மாடம். எலும்பின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் எலும்பாக்கும் கலங்கள், மெல்லிய இரத்தக் குழாய்கள், அவற்றைச் சுற்றிய தாங்கு கலங்கள், கொழுப்புக் கலங்கள், நரம்பு நுனிகள் எல்லாம் சேர்ந்து அந்த மாடத்தை அமைக்கின்றன. எப்போது தூங்க வேண்டும், எப்போது பெருக வேண்டும் என்று மூலக் கலத்துக்கு இவைதான் சைகை கொடுக்கின்றன.

எங்கள் பாடப்புத்தகத்தில் செல்லுக்குக் கலம் என்று பெயர். துறைமுகத்து ஊரில் பிறந்தவளுக்குக் கலம் என்றால் முதலில் கப்பல்தான் ஞாபகம் வரும். படிக்கிற காலத்தில் இதைச் சொல்லிச் சிரிப்போம். பின்னாளில் பார்த்தால் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. மச்சையிலுள்ள தாங்கு கலங்கள் சிஎக்ஸ்சிஎல் 12 என்றொரு புரதத்தைச் சுரக்கின்றன. மூலக் கலத்தின் மேற்பரப்பில் அதைப் பிடிக்கும் கொக்கி இருக்கிறது. அதுதான் நங்கூரம். புற்றுக் கலமும் அதே குடும்பத்தில் பிறந்ததால் அதனிடமும் அதே கொக்கி உண்டு. வெளியே இரத்தத்தில் மருந்து புயலாக அடிக்கும்போது ஓடுகிற கலங்கள் அழிகின்றன. உள்ளே நங்கூரம் போட்டுத் தூங்குகிற சில கலங்கள் தப்பிவிடுகின்றன. பெரும்பாலான மருந்துகள் பெருகுகிற கலத்தைத்தான் தாக்கும், தூங்குகிறதைத் தொடாது. பக்கத்துத் தாங்கு கலங்களும் அதைக் காப்பாற்றுகின்றன. கொழுப்புக் கலங்கள் கொழுப்பமிலம் கொடுக்கின்றன. சில வகைப் புற்றுக் கலங்கள் பக்கத்துக் கலத்துக்குச் சக்தி கொடுக்கும் உறுப்புகளான இழைமணிகளையே தம் பக்கம் இழுத்துக்கொள்வதைக்கூடப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த கள்ளனுக்குச் சோறும் போட்டுப் பாயும் விரித்த கதை.

கணக்கையும் சொல்கிறேன். நோய் கண்டுபிடிக்கும் நேரத்தில் உடம்பில் ஒரு லட்சம் கோடி அளவில் புற்றுக் கலங்கள் இருக்கலாம். முதல் மாதச் சிகிச்சைக்குப் பிறகு நுணுக்குக்காட்டியில் ஒன்றும் தெரியாத நிலையிலும் ஆயிரம் கோடி வரை மிஞ்சியிருக்க முடியும். நான் எண்ணியது இருநூறு. அதுவும் வாசலில் நின்றவற்றை. இன்றைக்கு ஓட்டக் கலமானி என்ற கருவி பத்தாயிரத்தில் ஒன்றைப் பிடிக்கும். அதற்கும் மச்சையைத்தான் கொடுக்க வேண்டும்.

அதனால்தான் மச்சையை எடுத்துப் பார்க்க எலும்பில் திரும்பவும் ஊசி. அதனால்தான் இரத்தம் தெளிந்த பிறகும் இரண்டு மூன்று வருடம் மேர்கப்டோபியூரின் குளிசையும், கிழமைக்கொரு தடவை மெத்தோட்ரெக்சேற்றும். தூங்குகிறது எப்போது கண் விழிக்கும் என்று தெரியாது, விழிக்கும்போது மருந்து அங்கே இருக்க வேண்டும். குளிசை சின்னதாக இருப்பதால் பலர் அதை விற்றமின் போல நினைக்கிறார்கள்.

கிண்ணியாத் தாய்க்கு இன்னொரு பயமும் இருந்தது. எலும்பில் ஊசி போட்டால் கால் இழுத்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பயம் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருக்கிறது. இரண்டு ஊசியைப் போட்டுக் குழப்புகிறார்கள். மச்சை எடுப்பது இடுப்பின் பின்பக்கம், பெல்ட் கட்டுகிற இடத்துக்குக் கீழே கையில் தட்டுப்படும் எலும்பு மேட்டில். முள்ளந்தண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாரியில் போடுவது மற்ற ஊசி. அது மூளையைச் சுற்றியுள்ள திரவத்தைப் பார்க்கவும் அதற்குள் மருந்து செலுத்தவும். இந்த நோய் அங்கேயும் போய் ஒளியும், இரத்தத்தில் ஏற்றுகிற மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. அந்த ஊசியும் முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாண் முடிந்த இடத்துக்குக் கீழேதான் போடப்படுகிறது. நோகாது என்று சொல்ல மாட்டேன். விறைப்பு மருந்து போட்டாலும் மச்சையை உறிஞ்சுகிற அந்த ஒரு கணம் நோகும். சிறு பிள்ளைகளுக்கு அதனால்தான் தூக்க மருந்தும் கொடுப்பார்கள்.

கண்டியில் பயிற்சிக்குப் போயிருந்த மாதங்களில் கட்டிலருகே நின்று அந்த மச்சையைக் கையில் வாங்கியிருக்கிறேன். உறைவதற்குள் தகட்டில் இழுக்க வேண்டும். கண்ணாடித் தட்டைச் சரித்தால், கறியில் மிதக்கிற எண்ணெய்ப் பொட்டுப் போல மினுங்கும் சின்னத் துணுக்குகள் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் மச்சை, இல்லாவிட்டால் வெறும் இரத்தம். சிலரிடம் எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் வராது. உள்ளே புற்றுக் கலங்கள் அடைந்துபோயிருக்கும், அல்லது நார் பற்றியிருக்கும். அப்போது தடித்த ஊசியால் எலும்பிலிருந்தே ஒரு குச்சித் துண்டை எடுப்பார்கள். உறிஞ்சி எடுத்ததில் கலங்கள் மட்டும்தான், இருந்த வீடு கலைந்துவிட்டது. குச்சித் துண்டில் வீடு அப்படியே இருக்கும். எது எதற்குப் பக்கத்தில், எங்கே கொழுப்பு, எங்கே நார் என்று அதில்தான் தெரியும். எனக்கு அதை முதன்முதல் காட்டிய டொக்டர், "நீங்களெல்லாம் ஆட்களை எண்ணுகிறீர்கள், நான் ஊரைப் பார்க்கிறேன்" என்பார். அப்போது அது பெருமையடிப்பாகத்தான் பட்டது.

உங்கள் கட்டுரையில் வராத இன்னொரு பக்கமும் உண்டு. இதுவரை சொன்னது, வந்த நோய்க்கு மச்சை எப்படி இடம் கொடுக்கிறது என்பது. மச்சையின் கோளாறே நோயைத் தொடக்கிவிடுமா? விதையையும் நிலத்தையும் வைத்து இதைப் பேசுவது பழைய வழக்கம். 1889இல் ஸ்டீஃபன் பேஜெட் என்ற இங்கிலாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்து, புற்று கண்ட இடத்திலும் பரவுவதில்லை, விதைக்கு ஏற்ற நிலம் வேண்டும் என்றார். இரத்தப் புற்றில் இந்த நிலத்தை நெடுங்காலம் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கலத்துக்குள் மரபணுவில் பிழை விழுந்தது, அதனால் நோய், முடிந்தது கதை. நானும் அப்படித்தான் படித்தேன்.

2010இல் எலிகளில் ஒரு சோதனை வெளிவந்தது. இரத்தக் கலங்களைத் தொடாமல், எலும்பாக்கும் கலங்களாக மாறப்போகிற இளங்கலங்களில் மட்டும் டைசர் என்ற மரபணுவை நீக்கினார்கள். இரத்தம் கெட்டது. சில எலிகளுக்கு இரத்தப் புற்றே வந்தது. கெட்ட இரத்தக் கலங்களை எடுத்து நல்ல எலிக்குள் வைத்தபோது கோளாறு மறைந்தது. நல்ல கலங்களைக் கெட்ட எலிக்குள் வைத்தபோது அவையும் கெட்டன. 2014இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தவர்கள் எலிகளின் எலும்பாக்கும் கலங்களில் பீட்டா கட்டனின் என்ற சைகைப் புரதத்தை அளவுக்கு மீறி இயங்க வைத்தார்கள். அந்த எலிகளுக்குக் கடுமையான இரத்தப் புற்று வந்தது. பிறகு அந்த வகை இரத்தப் புற்றோ அதையொத்த மச்சை நோயோ உள்ளவர்களின் மச்சையைப் பார்த்தபோது நூற்றுக்கு 38 பேரின் எலும்பாக்கும் கலங்களில் அதே கோளாறு. எலி எலிதான், மனிதனில்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் முழுக்க ஒதுக்கிவிட முடியாது. 1971இலேயே மனிதரில் ஒரு விசித்திரம் பதிவாகியிருக்கிறது. ஒரு பெண்ணுக்குச் சகோதரனின் மச்சையை மாற்றி வைத்தார்கள். நோய் திரும்பியபோது புற்றுக் கலங்களில் ஆண் குரோமோசோம் இருந்தது. அதாவது கெட்டது அவளுடைய கலமில்லை, அவன் கொடுத்த கலம். கொடுத்தவருடைய கலத்திலேயே ஒளிந்த பிழை இருந்து இப்படி நடப்பதும் உண்டு. ஆனாலும் போய்ச் சேர்ந்த நிலத்தையும் சந்தேகிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

வந்து குடியேறிய புற்று நிலத்தை மாற்றவும் செய்கிறது. நல்ல மூலக் கலங்களைத் தன் மாடத்துக்கு இழுத்து முடக்கிவிடுவதை 2008இல் எலிகளில் காட்டினார்கள். வெளிறிப்போவது, காய்ச்சல், முரசில் இரத்தம் எல்லாம் நல்ல கலங்களுக்கு வேலை செய்ய இடமில்லாமல் போவதால்தான். எங்கள் பிள்ளை கால் நோவுது என்று அழுததும் எலும்புக்குள் நெருக்கம் தாங்காமல்தான். நல்லெண்ணெய்ப் போத்தலை இன்றைக்கும் என்னால் ஒழுங்காகப் பார்க்க முடியாது.

அந்த நங்கூரத்தை அறுக்க மருந்து இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. பிளெரிக்சாஃபோர் என்று பெயர், 2008இல் அமெரிக்காவில் அங்கீகரித்தார்கள். ஆனால் அது மூலக் கலங்களை இரத்தத்துக்குள் இறக்கிச் சேகரிப்பதற்கு. புற்றுக் கலங்களை வெளியே இழுத்துப்போட்டு மருந்தடிக்கவும் அதை வைத்து முயன்று பார்த்திருக்கிறார்கள். அது இன்னும் வழமையான சிகிச்சையாகவில்லை. ஆகவே யாரும் இந்தப் பெயரை எழுதிக்கொண்டு பாமசிக்குப் போக வேண்டாம்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. கிண்ணியாத் தாய் கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டது, "நான் புள்ளைக்கு என்னத்தக் குடுத்துட்டன் மிஸ்?" என் தம்பி மனைவியும் இதையே கேட்டாள். பிள்ளைகளுக்கு வரும் இந்த நோயில் ஒரு வகைக்கு முதற்பிழை கருப்பையிலேயே விழுந்துவிடுகிறது. பிறக்கும் நூறு பிள்ளைகளில் ஒன்றாவது அந்தப் பிழையோடு பிறக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை. நூடில்ஸ் கொடுத்ததாலோ ஐஸ்கிறீம் கொடுத்ததாலோ வந்ததில்லை அம்மா என்றேன். மறுபக்கத்தில் பேச்சில்லை. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

உங்கள் மருத்துவப் பக்கத்திடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரியைத் திருத்தி இன்னொரு ஞாயிறு போடுங்கள். இரத்தம் தெளிந்தால் சிகிச்சையின் முதற்கட்டம் முடிந்தது என்று எழுதுங்கள். அந்த இரண்டு ஊசிக்கும் ஒரு படம் வரைந்து போட்டால் இன்னும் நல்லது. மூதூரிலும் தம்பலகாமத்திலும் உங்கள் பத்திரிகை கடலை சுற்றவும் போகிறது. சுற்றிய தாளைக்கூட வாசிக்கிற சனம் எங்கள் சனம். இன்று பிள்ளைகளின் இந்த நோய், வசதியுள்ள நாடுகளில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் குணமாகிறது. முழுச் சிகிச்சையும் எடுத்தவர்களை வைத்துச் சொல்கிற கணக்கு அது.

கிண்ணியாப் பிள்ளைக்கு வருகிற செவ்வாய் மச்சை எடுக்கிறார்கள். திங்கள் இரவு ரயிலில் போகிறார்கள், நானும் கூடப் போகிறேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, தாய்க்குப் பக்கத்தில் இருக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தம்பி உங்கள் பத்திரிகையைத் தினமும் எடுக்கிறவன். இந்த 28 வருடத்தில் ஒருநாள்கூட அவன் என்னை ஒரு சொல் கேட்டதில்லை. பெயர் இல்லாவிட்டாலும் இரண்டாம் பந்திக்குள் கண்டுபிடித்துவிடுவான், அது வேறு விஷயம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
உவர்மலை, திருகோணமலை.